முதல் லேத்: விலைக்கு முன் துளையைப் பாருங்கள்

பேனா கடைவதும் பில்லியர்ட்ஸ் கியூ செய்வதும் அமெரிக்காவின் பல வீட்டுப் பட்டறைகளில் அடுத்தடுத்து வரும் ஆசைகள். தானே கடைந்த பேனாவைச் சட்டைப்பையில் செருகியவருக்கு அடுத்துக் கண் போவது கியூவின் மேல். சின்ன லேத்துகள் இப்போது நம்மூர் வீட்டு வாசலிலும் வந்து இறங்குகின்றன. அதனால் இந்த முறை கேள்விகள் எல்லாம் லேத்தைப் பற்றியே.

கேள்வி: கையில் இருப்பது கொஞ்சம் பணம். ஒரே லேத்தில் பேனாவும் கடைய வேண்டும், கியூவும் செய்ய வேண்டும். நடக்குமா?

பதில்: பாதி நடக்கும். எந்தப் பாதி என்பதை லேத்தின் நடுவே இருக்கும் ஒரு துளை முடிவு செய்கிறது.

மரத்தைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில் உள்ளே குழாய்போல வெற்றாக இருக்கும். பேனாவுக்கு அந்தத் துளை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஐந்து அங்குல நீளமும் முக்கால் அங்குலச் சதுரமும் உள்ள ஒரு கட்டை, இரண்டு முனைகளுக்கு நடுவே நின்றே கடைபட்டுவிடும். கியூ அப்படியல்ல. அமெரிக்கப் பூல் கியூ ஏறக்குறைய 58 அங்குலம். நடுவில் கழற்றினாலும் ஒவ்வொரு பாதியும் 29 அங்குலம். அத்தனை நீளத்தை வைத்துக்கொண்டு அதன் நுனியில் வேலை செய்ய வேண்டுமானால், மரத்தை ஸ்பிண்டில் வழியாக நுழைத்து, மிச்சத்தைப் பின்பக்கம் நீட்டி விட வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பூல் கியூவின் நுனி 13 மி.மீ., நடு இணைப்பு சுமார் 21.5 மி.மீ., அடிப்பகுதி சுமார் 32 மி.மீ. அமெரிக்கத் தயாரிப்பான ஷெர்லைன் லேத் துல்லியத்துக்குப் பெயர்போனது. ஆனால் அதன் துளை சுமார் 10 மி.மீ.தான், கியூவின் நுனிகூட நுழையாது. சீனாவில் உருவாகிப் பல பெயர்களில் விற்கப்படும் ஏழு அங்குல இரும்பு லேத்தில் (இரும்பு கடைவதற்கானது) துளை 20 மி.மீ. நுனி நுழையும், இணைப்போ ஒன்றரை மில்லிமீட்டரில் தோற்றுவிடும். அதோடு வரும், மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சின்ன சக்கின் துளை இன்னும் குறுகல், ஆகவே அதையும் அளந்துவிட வேண்டும். அடிப்பகுதியும் நுழைந்தாக வேண்டுமென்றால் 35 மி.மீ.க்கு மேல் துளை தேவை. பன்னிரண்டு அங்குலத்துக்கு முப்பத்தாறு அங்குலம் என்ற அளவு லேத்துகளில் 38 முதல் 40 மி.மீ. வரை துளை உள்ளவை உண்டு. அவை அரை டன் எடையை நெருங்குபவை, மாடிப்படி ஏறாதவை.

ஆகவே சிக்கன வழி இதுதான்: ஏழு அங்குல இரும்பு லேத் வாங்குகிறவர் அதில் பேனா கடையலாம், கியூவுக்கு டிப் என்ற தோல் முனையை மாற்றலாம், நுனிக்கு ஃபெரூல் என்ற உறையைப் பொருத்தலாம். முழுக் கியூவை அதில் எதிர்பார்க்கக் கூடாது.

கேள்வி: கடைக்காரர் "டென் பை எய்ட்டீன்" என்கிறார். எது பத்து, எது பதினெட்டு?

பதில்: பத்து என்பது அந்த லேத்தின் அடித்தளமான பெட்டில் இடிக்காமல் சுழலக்கூடிய மரத்தின் அதிகபட்ச விட்டம். பதினெட்டு என்பது இரண்டு முனைகளுக்கு இடையே பிடிக்கக்கூடிய நீளம். இரண்டும் அங்குலக் கணக்கு. பழைய பிரிட்டிஷ் லேத் என்றால் கவனம் தேவை. அவர்கள் விட்டத்துக்குப் பதிலாகப் பெட்டிலிருந்து மையம் வரையுள்ள உயரத்தைச் சொல்வார்கள். அவர்களுடைய ஐந்து அங்குலம் அமெரிக்கர்களின் பத்து.

கேள்வி: கியூ வேண்டாம், பேனா போதும். எத்தனை எச்.பி. மோட்டார் வாங்கலாம்?

பதில்: அரை எச்.பி. தாராளம். பேனா கடைகிறவர் மரத்திலிருந்து சீவி எடுப்பது சில கிராம்தான்; அதற்குப் பெரிய மோட்டார் வேண்டியதில்லை. மோட்டாருக்குத் தரும் பணத்தை எடைக்குத் தரலாம். வார்ப்பிரும்பில் செய்த, முப்பது நாற்பது கிலோ எடையுள்ள லேத் அதிராமல் நிற்கும். அதிராத லேத்தில் உளி துள்ளாது. வேகத்தை ஒரு திருகில் கூட்டிக் குறைக்க முடிந்தால் நல்லது. துளையிடும்போது ஐந்நூறு சுற்று, கடையும்போது மூவாயிரம் சுற்று என்று ஒரே பேனாவுக்குள் வேகம் பலமுறை மாறும்.

மரக் கடைசல் லேத்தில் இதைவிட முக்கியம் இரண்டு தரங்கள். ஸ்பிண்டிலிலும், அதற்கு எதிரே நகரும் டெயில் ஸ்டாக்கிலும் உள்ள கூம்புத்துளை மோர்ஸ் டேப்பர் இரண்டாம் எண்ணாக இருக்க வேண்டும். பேனா வேலைக்கான கருவிகளில் மிகப் பெரும்பாலானவை அதற்கென்றே செய்யப்படுகின்றன. அடுத்தது ஸ்பிண்டிலின் வெளி மரை. அமெரிக்காவில் ஒரு அங்குல விட்டமும் அங்குலத்துக்கு எட்டு மரையும் பரவலான தரம், ஐரோப்பாவில் எம்33. இரண்டிலும் சேராத மரையுள்ள லேத் எவ்வளவு மலிவாக வந்தாலும், பொருந்தும் சக்கு தேடி அலைவதில் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

கேள்வி: என் பேனா வட்டமாக வருவதில்லை, ஒரு பக்கம் சப்பையாகிறது. லேத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் கையை மாற்றிப் பார்க்கலாம். கட்டையைக் கோத்துப் பிடிக்கும் மேண்ட்ரல் என்ற கம்பி மெல்லியது. டெயில் ஸ்டாக்கை இறுக்கித் திருகினால் அந்தக் கம்பி வில்லாக வளையும், சுழலும்போது மரம் விலகி ஓடும். கட்டை நழுவாத அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்குப் பிறகும் சப்பை வந்தால், மேண்ட்ரலைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே புஷ் என்ற வளையங்களோடு கட்டையை நிறுத்திக் கடையும் முறைக்குப் போகலாம். வளைவதற்குக் கம்பியே இல்லாத வழி அது.

கேள்வி: ஸ்னூக்கர் கியூ செய்ய எந்த லேத் நல்லது?

பதில்: லேத் இல்லாமலே செய்யலாம். ஆச்சரியமாக இருக்கும், ஆனால் கையால் செய்யும் ஆங்கிலேயப் பாணி ஸ்னூக்கர் கியூவுக்கு மூலக் கருவி இழைப்புளிதான். ஆஷ் மரச் சட்டத்தைச் சதுரமாக இழைத்து, எட்டுப் பட்டையாக்கி, பிறகு பதினாறாக்கி, கடைசியில் உருட்டி எடுக்கிறார்கள். அடியில் கருங்காலியைச் சீவி ஒட்டுவதும் இழைப்புளி வேலையே. ஆட்டத்தின் விதி கேட்பது மூன்று அடிக்குக் குறையாத நீளமும் வழக்கமான வடிவமும்.

அந்த விதிகள் வழியாக ஸ்னூக்கருக்கும் நீலகிரிக்கும் பழைய உறவு உண்டு. 1875-இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி உருவாக்கிய ஆட்டம், 1882-இல் ஊட்டி கிளப்பில்தான் எழுதப்பட்ட விதிகளைப் பெற்றது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. வரலாறு எப்படியோ, கையில் நல்ல இழைப்புளி உள்ள தச்சர் ஒருவர், லேத்துக்கான பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஸ்னூக்கர் கியூவைத் தொடங்கிவிடலாம்.

கேள்வி: எனக்கு அமெரிக்கப் பூல் கியூதான் வேண்டும். முழுவதும் நானே செய்தே தீருவேன்!

பதில்: ஜார்ஜ் பாலபுஷ்காகூட அப்படிச் செய்யவில்லை. ரஷ்யாவில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் வாழ்ந்த இவர் 1959-இல் கியூ செய்யத் தொடங்கி, 1975-இல் மறைவதற்குள் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற கியூக்காரரானார். 1986-இல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' திரைப்படத்தில் அவர் பெயரைச் சொல்லும் கியூ ஒரு பாத்திரம்போலவே வருகிறது. அந்தப் பாலபுஷ்கா, கூர்கூராக மரம் ஒட்டிய அரைத் தயாரிப்புக் கட்டைகளை வெளியிலிருந்து வாங்கித்தான் கியூவாக்கினார். முதலில் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் கட்டைகள், பின்னால் பர்ட்டன் ஸ்பெயின், கஸ் சாம்போட்டி ஆகியோர் செய்தவை. ஒட்டுவதில் மிச்சப்பட்ட உழைப்பை அவர் இணைப்பின் பொருத்தத்திலும், அடியிலிருந்து நுனிவரை மெலியும் சாய்வின் சீரிலும் போட்டார்.

அரைத் தயாரிப்புக் கட்டைகளும் ஓரளவு சாய்த்து எடுத்த மேப்பிள் தண்டுகளும் இன்றும் விற்பனைக்கு உண்டு. அவற்றோடு தொடங்குகிறவருக்குக் கண்ணெதிரே இருக்கும் சவால் நீண்ட சாய்வு. 29 அங்குல மெல்லிய தண்டில் உளியை வைத்தால் மரம் நடுவில் நெளிந்து உளியை விட்டு ஓடும். அதனால் கியூ லேத்துகளில் தண்டு மெதுவாகச் சுழல, வேகமாகச் சுற்றும் ரவுட்டர் வெட்டி ஒன்று சாய்வுச் சட்டத்தைத் தொட்டபடி நீளவாக்கில் நகர்ந்து சீவுகிறது. ஒரே நாளில் முடிக்கவும் கூடாது. ஒவ்வொரு முறை சீவியதும் மரத்தின் உள் இறுக்கம் மாறி அது கொஞ்சம் வளையப் பார்க்கும். கொஞ்சம் சீவி, செங்குத்தாகத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் ஆறப்போட்டு மறுபடி சீவுவதே வழி. பணத்தைவிடப் பொறுமை அதிகம் செலவாகும் தொழில் இது. இதற்கென்றே செய்த கியூ லேத்துகள் அமெரிக்காவில் சில ஆயிரம் டாலர் விலை. மரக் கடைசலுக்கான சின்ன லேத்தோ சில நூறு டாலரில் முடிந்துவிடும்.

கேள்வி: பழைய ஆறடி லேத் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: இடமும் தரையும் தாங்குமானால், இந்தக் கேள்விகளிலேயே நல்ல வாய்ப்பு இதுதான். பட்டாலா, ராஜ்கோட் ஊர்களில் செய்யப்பட்டு நம் பட்டறைகளில் ஓடும் இந்த வகை லேத்துகள் பலவற்றில் கியூவின் அடிப்பகுதியே நுழையும் அளவுக்குத் துளை இருக்கிறது. நீளமும் உண்டு. குறை, வேகம். இரும்புக்கென்று அமைத்த மெதுவான சுற்று, பேனாவின் சன்னமான கடைசலுக்குப் போதாது. மூன்று பேஸ் மோட்டாராக இருந்தால், வீட்டு ஒற்றை பேஸ் மின்சாரத்திலிருந்து ஓட்டவும் வேகத்தை மாற்றவும் வி.எஃப்.டி. என்ற கருவி உதவும்.

பார்க்கப் போகும்போது பெயிண்ட்டைப் பார்க்க வேண்டாம். பழைய லேத்துக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க ஒரு மதியம் போதும். ஸ்பிண்டிலைக் கையால் சுற்றி, பேரிங் கரகரக்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். சக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் தளர்வு தெரியும். இரண்டு பக்கமும் கூர்முனைகளைச் செருகி, டெயில் ஸ்டாக்கை நகர்த்தி, முனையும் முனையும் நேருக்கு நேர் சந்திக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு பெட்டின் மேல் உளியைத் தாங்கி நகரும் கேரியேஜைச் சக்குக்குப் பக்கத்திலிருந்து மறுகோடி வரை ஓட்ட வேண்டும். பெரும்பாலான வேலை சக்குக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கும். பெட் அங்கே தேய்ந்திருந்தால், கேரியேஜ் அங்கே தளர்ந்தும் மறுகோடியில் இறுகியும் ஓடும்.

கேள்வி: இரும்பு லேத்தில் மரம் கடைந்தால் லேத் பாழாகும் என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். உண்மையா?

பதில்: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மரத்தூள் ஆயிலோடு சேர்ந்து பசையாகிப் பெட்டில் அப்பிக்கொள்ளும். மரத்தூள் ஈரத்தையும் இழுப்பதால் துருவும் வரும். மரம் கடையும் நாளில் பெட்டைத் துடைத்து, மேலே ஒரு தாளை விரித்து, தூளை வாக்குவம் கொண்டு இழுத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி ஆயில் போட்டால் லேத் நன்றாகவே இருக்கும்.

கேள்வி: திருவள்ளூரில் கையால் கடையும் எபோனைட் பேனாக்களைப் பார்த்து ஆசை வந்தது. மரக் கடைசல் லேத்தில் அது முடியுமா?

பதில்: உடலைக் கடையலாம், மரைதான் சோதனை. கடையில் கிடைக்கும் கிட் பேனாவில் பித்தளைக் குழாய்களும் மரைகளும் தயாராக வந்துவிடும், கடைகிறவர் மேலே போர்த்தும் மரத்தை மட்டும் வடிவமாக்குகிறார். திருவள்ளூர் ரங்கா பேனாக்களைப் போன்றவற்றில் குழாய் கிடையாது. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரான எபோனைட்டிலேயே மூடிக்கும் கழுத்துக்கும் மரை வெட்ட வேண்டும். மரை வெட்டும் டேப்பும் டையும் கோணாமல் நேராக நுழைய வேண்டும். அந்த நேர்த்தன்மையை இரும்பு லேத் எளிதாகத் தரும். பேனாவிலேயே நிற்கப்போகிறவர்களில் சிலரும் மர லேத்தைவிட இரும்பு லேத்தை விரும்புவது இதற்காகத்தான்.

கேள்வி: லேத்துக்கே மொத்தப் பணமும் போய்விட்டால்?

பதில்: போகவிடக் கூடாது. உளிகள், சக்கு, துளை பிட், மேண்ட்ரல், புஷ், சாணை எல்லாம் சேர்ந்து லேத்தின் விலையை எட்டிப்பிடிக்கும். இதில் சாணையைத் தள்ளிப்போட்டால் மற்றவை எல்லாம் வீண். முகத்தை முழுதும் மறைக்கும் தடுப்பும் நல்ல முகமூடியும் இதே கணக்கில் சேர வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1995-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. சுழலும் மரத்தின் முன்னால் துப்பட்டா, தொங்கும் முழுக்கை, கையுறை எதுவும் கூடாது. மெருகு போடத் துணி கூடாது, தாள்தான். தாள் மாட்டினால் கிழியும். துணி மாட்டினால் விரலையும் இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: மெருகுக்கு எது நல்லது? அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்போல அரக்கு பூசலாமா?

பதில்: பூசிப் பார்க்க வேண்டியதுதான். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே அது இளகிப் பரவும்; அடுப்பும் தூரிகையும் வேண்டாம். சின்ன லேத்தில் தாராளமாகச் செய்யலாம். தினமும் எழுதும் பேனாவில் கை வியர்வை படப்பட அரக்கின் பளபளப்பு மங்கும் என்பதால், பேனா கடைகிறவர்கள் பலர் சூப்பர் குளுவை மெல்லிய அடுக்குகளாகப் பூசித் தேய்த்து எடுக்கிறார்கள். அதன் ஆவி கண்ணை எரிக்கும், ஆகவே ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மேசைமேல் அழகுக்கு நிற்கும் பேனாவுக்கு அரக்கு, சட்டைப்பையில் வாழும் பேனாவுக்குக் குளு.