குளிர்பெட்டித் திணையியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

பீர் காய்ச்சும் நாளைப் பற்றிப் புத்தகங்கள் ஏராளம். அதற்கு முந்தைய வாரத்தில் மூட்டையும் பொட்டலமும் குடுவையும் ஒரு குடும்பத்தின் குளிர்பெட்டிக்குள் எப்படிக் குடியேறுகின்றன என்பதைக் குடித்தனம் நடத்துபவர் தரப்பிலிருந்து எவரேனும் எழுத வேண்டும். அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம்: மினசோட்டாவில் ஒரு புறநகர் வீடு. தலைவன்: என் கணவர். தலைவி: ஆய்வாளரே. நற்றாய்: சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் என் மாமியார்.

முதலில் சட்டம். 1933இல் அமெரிக்க மதுவிலக்கு நீங்கியபோது வீட்டு ஒயினுக்கு வழி கிடைத்தது. வீட்டு பீர் விடுபட்டுப்போனது. விட்டதைச் சேர்க்க 45 ஆண்டுகள் ஆயின. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, வீட்டில் வயது வந்தவர் ஒருவரே என்றால் ஆண்டுக்கு 100 கேலன் வரை காய்ச்சலாம். இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200. மாமியார் வந்திறங்கிய மறுநாளே, மூன்றாம் நபருக்கு இன்னொரு நூறு உண்டா என்று தலைவன் தேடிப் பார்த்தார். இல்லை.

இனி நிலப் பாகுபாடு. காய்ச்சுவோர் வீட்டைச் சமையலறை, படுக்கையறை என்று பிரிப்பது பிழை. அங்கே திணைகளே உண்டு.

உறைபனிப் பெட்டி குறிஞ்சி. குளிரே அதன் முதற்பொருள், ஹாப்ஸ் கருப்பொருள். பூவைப் பொடித்து அழுத்திய பச்சை உருண்டைகளாக, காற்று நீக்கிய வெள்ளிப் பையில் அது வரும். வெப்பமும் ஆக்சிஜனும் பட்டால் கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் குறைந்துகொண்டே போகும்; நாள்பட்டதைத் திறந்தால் பழைய பாலாடைக்கட்டி வாசம் அடிக்கும். இதன் உரிப்பொருளான புணர்தல் இங்கே எங்ஙனம் நிகழும் எனின், பச்சைப் பட்டாணிப் பொட்டலத்தோடு ஹாப்ஸ் பை உறைந்து ஒட்டிக் கிடப்பதைப் புணர்ச்சி எனக் கொள்க. அத்தை ஒருநாள் பையைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தார். "ஆட்டுப் புழுக்கைய எதுக்கு ஐஸுல வச்சிருக்கான்?" என்றார். வடிவத்தைப் பொறுத்தவரை இதைவிடத் துல்லியமான விவரணையை நான் படித்ததில்லை.

கார் நிறுத்தும் கொட்டகையே பாலை. பாலைக்குத் தனி நிலமில்லை, பிற நிலங்கள் திரிந்தே அது உண்டாகும் என்பது நாமறிந்த மரபு. எங்கள் கொட்டகையும் ஜனவரியில் குறிஞ்சியைத் தோற்கடிக்கும். ஜூலையில் நின்றால் உச்சி வேகும். அங்கேதான் 25 கிலோ மால்ட் மூட்டை இருந்தது. முளைகட்டி உலர்த்திய இந்தப் பார்லியில் ஈரம் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். முழுத் தானியமாகக் குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வைத்தால் ஓராண்டுகூடத் தாங்கும். உடைத்துவிட்டால் சில வாரங்களிலேயே வாசம் போய்விடும். சோதிக்கக் கருவி வேண்டாம், பல் போதும்: வறுத்த கடலைபோல் நொறுங்கினால் நல்லது, நமத்த முறுக்குபோல் வளைந்தால் போச்சு. இந்த அறிவையெல்லாம் தலைவன் தம் தாய்க்கு எடுத்துரைத்தார். அவர் முழுதும் கேட்டுவிட்டு, ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, வண்டு வராமலிருக்கப் பத்துப் பன்னிரண்டு காய்ந்த மிளகாயை மூட்டைக்குள் போட்டுக் கட்டினார். இது திணை மயக்கம். மிளகாய் பொறுக்கும் படலம் ஒரு மாலைப்பொழுதை விழுங்கியது.

நெய்தல், பாத்திரம் கழுவும் தொட்டி. இரங்கல் அங்கே என்னுடையது, விரிப்பிற் பெருகும்.

இக்கட்டுரையின் உயிர் முல்லையில் இருக்கிறது. குளிர்பெட்டியின் நடுத்தட்டு, உரிப்பொருள் இருத்தல், காத்திருப்பது திரவ ஈஸ்ட். 1516இல் பவேரியாவில் வந்த புகழ்பெற்ற பீர் தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டுமே அனுமதித்தது. வேலை முழுவதையும் செய்கிற ஈஸ்ட்டை மறந்தது. மறதி என்பதைவிட, அப்படி ஓர் உயிர் இருப்பதே அன்று எவருக்கும் தெரியாது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்த பிறகுதான் அதற்கென்று தனி மரியாதை வந்தது. இன்று அந்த மரியாதை எல்லை மீறிப்போய், எங்கள் வீட்டில் தயிருக்கு இடமில்லை.

ஈஸ்ட்டை உறைய விடக்கூடாது. பனித்துகள் செல்லைக் கிழித்துவிடும். அதனால் குறிஞ்சிக்கு அனுப்ப வழியில்லை. வெளியில் வைத்தால் சீக்கிரம் சாகும். ஆகவே, இட்லி மாவுச் சட்டி இருந்த இடத்தில் அது. இரண்டும் புளிக்க வைக்கும் உயிர்கள்தாமே, உடன் உறையலாகாதோ எனின், ஆகாது என்பார் தலைவன். என்னை? மாவின் பாக்டீரியா பீரில் தொற்றினால் புளிப்பேறிவிடுமாம். பீரைத் தொட்ட கை மாவைத் தொடலாமா என்பதற்கு அவரிடம் விடையில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை. திரவ ஈஸ்ட் உறைகளில் ஒருவகை உண்டு; உள்ளே சத்துநீர் அடைத்த சிறு பை தனியாக இருக்கும். உள்ளங்கையில் வைத்து ஓங்கி அடித்தால் உட்பை உடையும். ஈஸ்ட் விழித்துச் சாப்பிடும். கரியமில வாயு விட்டு, சில மணி நேரத்தில் உறை தலையணைபோல் உப்பும். உப்பினால் உயிர் இருக்கிறதென்று பொருள். தலைவன் மாலையில் உறையை அடித்து மேடையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது மேடை துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"அம்மா, இங்க ஒரு பாக்கெட் இருந்துச்சே?"

"உப்பிப்போயிக் கெடந்துச்சுப்பா. தூக்கிப் போட்டுட்டேன்."

"அம்மா! அது உயிரோட இருந்துச்சும்மா!"

"அதான் போட்டேன்."

குப்பைக் கூடையில் காப்பிச் சக்கைக்கும் வாழைப்பழத் தோலுக்கும் அடியில் அது கிழிந்து கிடந்தது. உணவுப் பாதுகாப்பு நோக்கில் நற்றாயின் முடிவில் குறை காண இயலாது. உப்பிய பொட்டலத்தைத் தூக்கி எறிக என்றுதான் எந்த நூலும் சொல்லும்.

மிச்சமிருந்தது முல்லையின் மூலையில் நான்கு மாதமாகக் காத்திருந்த இன்னோர் உறை. இங்கே கணிதம் நுழைகிறது. புதிய உறையில் ஏறத்தாழ 10,000 கோடி செல்கள். மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு சாகும் என்பது காய்ச்சுவோரின் கைக்கணக்கு; நான்கு மாதத்தில் எஞ்சுவது 4,100 கோடி. தேவையோ, ஒரு மில்லிலிட்டருக்கும், பாகின் சர்க்கரைச் செறிவை அளக்கும் ஒரு பிளேட்டோ பாகைக்கும் ஏழரை லட்சம் வீதம், 12 பாகை கொண்ட 19 லிட்டருக்கு 17,100 கோடி. பற்றாக்குறை 13,000 கோடி. அரசாங்கமாக இருந்தால் கடன் வாங்கும். காய்ச்சுபவர் ஸ்டார்ட்டர் வைப்பார். நம் ஊர்க் கணக்கில், உறைமோர் போதாதபோது கொஞ்சம் பாலில் முதலில் ஊற்றிப் பெருக்கிக்கொள்வது.

இரண்டு லிட்டர் தண்ணீர், 200 கிராம் மால்ட் சாறுப் பொடி. ஆவி பட்டதும் பொடி கரண்டியில் கல்கண்டாக ஒட்டும். வீடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசம். அதைக் கூம்புக் குடுவையில் ஊற்றி அடுப்பிலேற்றினார். குறுகிய கழுத்து, பொங்கும் பாகு, கைப்பேசியில் ஒரு நிமிடம். மருதத்தின் உரிப்பொருள் ஊடல் என்பது இவ்விடத்து நினைக்கத் தக்கது. கண்ணாடி அடுப்பில் கருகிய பாகைச் சுரண்ட மறுநாள் வரை ஆனது. ஊடல் தீர்க்கும் வாயிலாக அத்தையே வந்தார்: "பொங்குனா நல்லதுதானே தாயி."

ஆறிய பாகில் பழைய உறையைக் கொட்டி, அலுமினியத் தாளால் தளர மூடி, கணினி விசிறியில் காந்தம் ஒட்டிச் செய்த கலக்கியின் மேல் வைத்தார். உள்ளே ஒரு காந்தக் குச்சி இரவெல்லாம் கிறுகிறுவென்று சுற்றியது. காற்றுப் பட்டால்தான் ஈஸ்ட் தன் தோலுக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு பெருகும். முதல் நாள் காலையில் கலங்கல். மறுநாள் இளநீர்ப் பாயசத்தின் நிறம். பிறகு முல்லையில் ஒரு நாள் வைத்தால் ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படியும். மேலே நிற்கும் புளித்த நீரை இறுத்துவிட்டு வண்டலை எடுக்க வேண்டும். அதை எட்டிப் பார்த்த அத்தை, "சாராயந்தானே காய்ச்சுற?" என்றார். பார்லிக் கஞ்சி என்று சொல்லலாமா எனத் தலைவன் யோசிப்பதற்குள், "கேட்டேன், அவ்வளவுதான்" என்று போய்விட்டார்.

நார்வே நாட்டுப் பண்ணைகளில் ஈஸ்ட்டைத் தலைமுறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். கோத்துப் பின்னிய மர வளையத்தைப் பீர் வண்டலில் முக்கி, காயவைத்துத் தொங்கவிட்டு, அடுத்த முறை அதையே காய்ச்சலில் போடுவார்கள். சில ஊர்களில் ஈஸ்ட் இடும்போது உரக்கக் கூச்சல் போடும் வழக்கமும் உண்டு. கத்தினால் நன்றாக நுரைக்கும் என்பது நம்பிக்கை. அடுத்த சனிக்கிழமை, வண்டலைக் கையில் ஏந்தி நின்றபடி தலைவன் இதைச் சொன்னார். சொன்னாரே தவிர, பக்கத்து வீட்டாரை நினைத்துக் கத்தவில்லை.

அத்தை தொண்டையைக் கனைத்து, வாயருகே கையை வைத்து, பொங்கலுக்குப் போடுவதுபோல் ஒரு குலவை போட்டார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அன்றிரவே காற்றடைப்பானில் குமிழி கிளம்பியது. காரணம் குலவையா, ஸ்டார்ட்டரா என்று பிரித்தறிய, குலவையிடாத இன்னொரு பீப்பாய் எங்களிடம் இல்லை.