தண்டு பதினைந்து அங்குலமா, இருபதா? – காவிரி மேலாண்மை ஆணையத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
காவிரி நீர் மேலாண்மை ஆணையம்,
புது தில்லி.

பொருள்: பதினெட்டடி ஃபைபர் படகுக்குத் தகுந்த மோட்டாரைத் தேர்ந்தெடுத்துத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தஞ்சாவூர் மாவட்டம் பூதலூரிலிருந்து எழுதுகிறேன். கல்லணை எங்கள் வட்டத்துக்குள் இருப்பதால் கரிகாலனை நாங்கள் உள்ளூர்க்காரராகவே கருதுகிறோம். அவரிடம் நேரில் முறையிட வழியில்லாததால்தான் தங்களிடம் வருகிறேன்.

சேதுபாவாசத்திரத்தில் இருக்கும் என் மைத்துனர் புதுப் படகு இறக்கினார். பழையது எனக்கு வந்து சேர்ந்தது. "ஆத்துல எறக்குங்க மச்சான். கெண்டை, கெளுத்தி, ஜிலேபின்னு வீட்டுக்கும் ஆகும், சந்தைக்கும் ஆகும். மோட்டார மட்டும் நல்லதாப் பாத்து வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டு அவர் கடலுக்குப் போய்விட்டார். மோட்டார் வாங்குவது கடைக்காரர் சமாச்சாரம், இதற்கு ஏன் தில்லிக்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். கடைக்குப் போனேன். "எவ்வளவு ஆழத்துல ஓட்டப் போறீங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் 2018 ஜூன் 1 முதல் தங்களிடம் இருக்கிறது.

தண்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறு படகுகளுக்கான அவுட்போர்டு மோட்டாரின் தண்டு பெரும்பாலும் இரண்டு நீளத்தில் வரும்: 15 அங்குலம், 20 அங்குலம். படகின் பின்பலகை உயரத்துக்குத் தக்கபடி எடுக்க வேண்டும். விசிறிக்கு மேலே ஒரு தட்டு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ நிற்க வேண்டும். மேலே ஏறிவிட்டால் விசிறி காற்றைக் குடித்துச் சத்தம் மட்டும் போடும். ரொம்பக் கீழே இறங்கிவிட்டால் தண்ணீரோடு மல்லுக்கட்டி எண்ணெயைத் தின்னும். இதுவரைக்கும் அளவுநாடா இருந்தால் நானே பார்த்துக்கொள்வேன். ஆனால் அந்தத் தட்டுக்குக் கீழே விசிறியும், அதற்கும் கீழே அதைக் காக்கிற உலோக நாக்கும் இறங்கி நிற்கின்றன. படகு அமுங்கும் ஆழத்தையும் சேர்த்தால் ஆற்றில் இரண்டடித் தண்ணீராவது வேண்டும். எந்த மாதத்தில் அந்த இரண்டடி நிற்கும்? மோட்டாரோடு வரும் கையேட்டில் இந்தக் கேள்வியே இல்லை.

கையேடு எழுதுகிறவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபோன ஓலே எவின்ரூட் என்பவர் 1909-இல் ஓர் அவுட்போர்டு மோட்டாரைச் செய்தார். விற்பனையில் பேர் வாங்கிய முதல் மோட்டார் அதுதான். ஏரியில் துடுப்புப் போட்டுப் போய்க் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்தக் கடுப்பில் பிறந்த யோசனை என்று கதை சொல்வார்கள். விஸ்கான்சின் ஏரியில் தண்ணீர் இருக்குமா என்று அவர் யாருக்கும் மனுப் போடவில்லை. பூதலூரில் பிறந்திருந்தால், பாதி வருஷம் ஐஸ்கிரீமைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தே வந்திருப்பார். மோட்டாருக்கு அவசியமே வந்திருக்காது.

கர்நாடகம் மாதாமாதம் விட வேண்டிய தண்ணீருக்கான தங்கள் அட்டவணையை நான் படித்தவன். எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் ஜூன் மாதத்துக்கு 9.19 டி.எம்.சி., ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76. பிறகு இறங்கி, ஜனவரிக்கு 2.76. பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு இரண்டரை. எல்லாம் கூட்டினால் 177.25. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை எனக்காகக் கவலைப்பட்டிருக்கிறார்கள் என்று பார்த்ததும் நெஞ்சு நெகிழ்ந்தது. மோட்டார் வாங்குகிறவனுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி ஏது? ஆகஸ்டில் 20 அங்குலத் தண்டு, ஜனவரியில் 15, மே மாதத்தில் தண்டே இல்லாத மோட்டார்.

இந்த நம்பிக்கையில் கடைக்குக் கிளம்பியபோதுதான் 2023 ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஆண்டு மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு முறைப்படி, வழக்கமான நாளான ஜூன் 12-இல் திறந்தார்கள். மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்தது. வழக்கம்போல் மலரும் விதைநெல்லும் தூவித் திறந்துவிட்டார்கள். குறுவை போட்டோம். அப்புறம் அட்டவணை ஒரு பக்கமும் ஆறு ஒரு பக்கமுமாகப் போயின. செப்டம்பரில் கர்நாடகம் விநாடிக்கு 5,000 கன அடி தர வேண்டும் என்று உத்தரவு, மாதக் கடைசியில் அது 3,000 ஆனது, நவம்பரில் 2,600. இதற்கு நடுவே அக்டோபரில் மேட்டூரில் பாசனத்துக்குத் தண்ணீர் விடுவதையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 12 வந்தது, தண்ணீர் வரவில்லை. ஜூலை 28-இல் திறந்தார்கள். இரண்டே நாளில் அணை 120 அடியைத் தொட்டது. ஆகஸ்டு தொடக்கத்தில் மேட்டூரிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் வெளியேறியது. 2,600-க்கும் ஒன்றரை லட்சத்துக்கும் பொதுவாக ஒரு மோட்டார் காட்டுங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் எனக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

2018-ஐ அவரிடம் சொல்லவே இல்லை. அந்த ஆகஸ்டு 22 இரவு, ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அன்றைக்குப் படகு வைத்திருந்தவனுக்கு மோட்டாரை விட நங்கூரம்தான் அவசரத் தேவை.

அடுத்து குதிரைத்திறன். கடலோரத்தில் 9.9 குதிரை மோட்டார் பிரபலம். பத்து என்று வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. வட அமெரிக்காவில் பல ஏரிகளில் பத்துக் குதிரைக்குக் கீழேதான் ஓட்ட வேண்டும் என்று விதி; அதற்காகக் கம்பெனிக்காரர்கள் பத்தில் ஒரு பங்குக் குதிரையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். ஒரு புள்ளிக்காக இவ்வளவு அடங்கி நடக்கும் இயந்திரத்தைத் தாங்கள் ரசிப்பீர்கள். 177.25-இல் இருக்கும் அந்தக் கால் டி.எம்.சி.யையும் இதே பயபக்தியோடு ஒருவர் ஒரு வருஷமாவது அளந்து விட்டிருந்தால் நான் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

மைத்துனர் 15 குதிரை போடச் சொல்கிறார். அது வீண் என்பது என் கட்சி. வலையும் ஆளும் ஐஸ் பெட்டியும் ஏற்றிய கனத்த படகுக்கு ஓர் இயல்பான வேக எல்லை உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் எத்தனை நாட் வேகம் என்பது வரும். என் படகுக்கு ஐந்தரை நாட், அதாவது மணிக்குப் பத்து கிலோமீட்டர். அதற்கு மேல் எத்தனை குதிரை பூட்டினாலும் பெரும்பகுதி அலை கிளப்பத்தான் செலவாகும். பணம் புகையாகப் போகும். எட்டுப் பத்துக் குதிரை தாராளம். ஒரே ஒரு பயம், கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் முதலைகள் உண்டு. முதலை பின்னால் வரும்போது வர்க்கமூலம் மனதுக்கு ஆறுதல் தருமா என்று தெரியவில்லை. நான் அவ்வளவு தூரம் போவதாக இல்லை.

இந்தப் பத்து கிலோமீட்டரிலும் எதிர்த்து ஏறும்போது ஆற்றோட்டம் தன் பங்கைப் பிடித்தம் செய்துகொள்ளும். ஓட்டம் எவ்வளவு என்பதும் தங்கள் கையில்தான். பற்றாக்குறைக் காலத்தில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். மைத்துனர் ஊர்க் கடலிலும் முறை உண்டு: திங்கள், புதன், சனி விசைப்படகுகள், மற்ற நாள்களில் நாட்டுப்படகுகள். அங்கே கடல் எல்லா நாளும் இருக்கிறது, படகுகள் முறை வைத்துக்கொள்கின்றன. இங்கே படகு எல்லா நாளும் இருக்கிறது, ஆறு முறை வைத்து வருகிறது.

இன்னொரு சிக்கல், மோட்டாரின் தாகம். அவுட்போர்டு மோட்டார் தான் மிதக்கும் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். உள்ளே ரப்பர் இறக்கை வைத்த சின்ன பம்பு ஒன்று சுற்றும். தண்ணீரில்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே ரப்பர் கருகிவிடும். மணல் கலந்து வந்தால் தேய்ந்துவிடும். ஆகவே ஆற்றில் தண்ணீர் இல்லாத நாளில் மோட்டாரைச் சும்மா ஸ்டார்ட் செய்து பார்ப்பதற்குக்கூட எனக்கு ஓர் ஒதுக்கீடு தேவைப்படுகிறது. பெங்களூரின் குடிநீருக்கு 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கிய உச்ச நீதிமன்றம் என் பம்புக்கு நாலு குடம் ஒதுக்க மறுக்காது என்று நம்புகிறேன்.

நீதிமன்றம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில், தமிழ்நாட்டின் நிலத்தடியில் 10 டி.எம்.சி. இருக்கிறது என்று கணக்கில் எடுத்து, அதையும் அந்த 4.75-ஐயும் எங்கள் பங்கில் கழித்துக்கொண்டார்கள். காவிரி நடுவர் மன்றம் முன்பு தந்த 192 இப்படித்தான் 177.25 ஆனது. சரி, மேலே இல்லாவிட்டால் என்ன, கீழே இருக்கிறதே என்று அந்தப் பத்து டி.எம்.சி.யில் ஓடும் மோட்டாரை விசாரித்தேன். பூதலூரிலேயே கிடைக்கிறது. சப்மெர்சிபிள். ஐந்து குதிரை, ஏழரைக் குதிரை, எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். விவசாயத்துக்கு மின்சாரமும் இலவசம். படகை மட்டும் ஆறரை அங்குலக் குழாய்க்குள் இறக்க முடியவில்லை.

விசிறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் எங்கள் வாய்க்கால்களில் நிரந்தரக் குடியுரிமை பெற்றவை. தண்ணீர் வராத நாளிலும் அவை வந்துவிடுகின்றன. சாதாரண விசிறி நாலு சுற்றுச் சுற்றினால் தண்டு முழுக்கக் கொடி. இதற்கு நடுவே 1934-இல் வெட்டிய கல்லணைக் கால்வாயை 2,640 கோடி ரூபாயில் புதுப்பிக்க 2021 பிப்ரவரி 14-இல் அடிக்கல் நாட்டி, கான்கிரீட் போடத் தொடங்கினார்கள். நிலத்தடி நீர் ஊறாது என்று விவசாயிகள் தகராறு செய்தார்கள். (எந்த நிலத்தடி நீர் என்று கேட்காதீர்கள், மேலே கழித்தார்களே, அதேதான்.) என் கவலை சின்னது. மணலில் உரசினால் விசிறி பிழைத்துக்கொள்ளும், கான்கிரீட்டில் உரசினால் பின் முறியும். பல சிறு மோட்டார்களில் விசிறியைத் தண்டோடு சேர்த்துப் பிடிப்பது ஒரு சின்ன பின்தான். எதிலாவது மோதினால் முதலில் அது முறிந்து உள்ளே இருக்கும் பல்சக்கரங்களைக் காப்பாற்றும். தண்ணீர் குறைந்தால் குறைந்த விகிதத்திலேயே எல்லோரும் பகிர வேண்டும் என்று நடுவர் மன்றம் சொன்னது, தங்கள் ஏற்பாட்டுக்கு அப்படியொரு பின்தான். அதைப் பொருத்துவதற்குள் ஒவ்வொரு வறட்சியிலும் எங்கள் பல்சக்கரம் முதலில் முறிந்துவிடுகிறது.

இவ்வளவும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எனக்கு ஏற்றது நீளவால் மோட்டார். தாய்லாந்துக் கால்வாய்களில் ஓடுகிறதே, அந்த வகை. எங்கள் கடற்கரையிலும் ஃபைபர் படகுகளில் லம்பார்டினி டீசல் இன்ஜினோடு நீண்ட தண்டைப் பொருத்தி ஓட்டுகிறார்கள். தண்டு சாய்வாகப் பின்னால் நீண்டு விசிறி மேலாக நிற்பதால் ஓரடித் தண்ணீர் போதும். கொடி சிக்கினால் வாலை அழுத்தி விசிறியை வெளியே தூக்கி உதறலாம். பெட்ரோல் மோட்டாரை விடக் கனம், சத்தம் ஊரைக் கூட்டும், கை நடுங்கும். ஆனாலும் அது காற்றில் குளிர்கிற இன்ஜின். காற்றுக்கு இன்னும் நடுவர் மன்றம் அமைக்கவில்லை.

ஆக, பாக்கி இருப்பது அந்த ஓரடி. பிப்ரவரி முதல் மே வரை சுற்றுச்சூழலுக்கென்று தங்கள் அட்டவணையில் இருக்கும் மாதம் இரண்டரை டி.எம்.சி.யை நாள் கணக்காகப் பிரித்தால் சராசரியாக விநாடிக்கு ஆயிரம் கன அடிகூட வரவில்லை. அது பிலிகுண்டுலுவைத் தாண்டி மேட்டூரில் நின்றுவிட்டால், பூதலூர்ச் சுற்றுச்சூழல் என்பது நானும் என் படகும்தான்.

ஆகவே ஐயா, தங்கள் ஒழுங்காற்றுக் குழுவின் அடுத்த கூட்டத்தில், இரு மாநில அதிகாரிகளும் கன அடிக் கணக்கைச் சண்டையிட்டு முடித்ததும், "பூதலூர்: இத்தனை அங்குலம்" என்று ஒரு வரியைக் குறிப்பில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பூஜ்யம் என்றாலும் தயங்காமல் எழுதலாம். மைத்துனரிடம் படகைத் திருப்பிக் கொடுப்பதற்கு முத்திரை குத்திய ஒரு காரணமாவது கிடைக்கும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
பூதலூர்ப் படகுக்காரன்

பி.கு.: கடைக்காரர் முன்பணம் கேட்கிறார். இப்போது சொன்ன விலை ஜூன் 12 வரைதான் செல்லுமாம். 2017-இல் ஜூன் 12 அக்டோபர் 2-ஆம் தேதி வந்தது, 2019-இல் ஆகஸ்டு 13-இல் வந்தது, 2022-இல் மே 24-லேயே வந்துவிட்டது. இவர் சொல்வது எந்த ஜூன் 12 என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். அதற்கும் தங்களைத்தான் கேட்க வேண்டுமாம்.