ரேடார் சார்

புதன்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்க்கிற நேரத்தில் முதல் படம் வந்து விழும். பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக வங்காள விரிகுடா. கீழே ஒரு வரி: ‘சண்டே பிச்சாவரம் ஓகேதான். ஆனா இதையும் ஒரு பார்வை பாத்துக்குங்க.’ அந்த ‘ஆனா’விலேயே எங்கள் ஞாயிற்றுக்கிழமை பாதி செத்துவிடும்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வட்டத்துக்கு ஒரு ரேடார் சார் உண்டு. எங்கள் தெருக்காரரைத்தான் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். குறிப்பாக, அவர் நினைக்க வேண்டாம்.

ஷிப்ட் சங்கிலே ஓடுகிற ஊர் இது. வார ஓய்வு சுற்றிச்சுற்றி ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிற்பதே பெரும்பாடு. சேர்ந்து கிளம்புகிற எங்கள் மூன்று குடும்பத்துக்கும் அது ஒன்றாக அமைந்து, பிள்ளைகளுக்கு டியூஷன் இல்லாமல், யார் வீட்டிலும் காதுகுத்து இல்லாமல் கூடிவந்தால், அது ஐப்பசியிலோ கார்த்திகையிலோதான் வந்து தொலைக்கும். தமிழ்நாட்டு மழையில் கிட்டத்தட்டப் பாதியைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழைக் காலம். ரேடார் சாருக்கு அதுதான் சீசன்.

அவருக்கு வானத்தைப் பார்க்கத் தெரியாது. செல்போனைப் பார்க்கத் தெரியும். காரைக்கால் ரேடார், சென்னை ரேடார் இரண்டையும் பார்ப்பார். ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெண் வீட்டார் ஜாதகம் பார்ப்பதைப்போலப் பொருத்தம் பார்ப்பார். இரண்டும் ‘மழை இல்லை’ என்றால் மூன்றாவதாக ஒன்றைத் தேடுவார். காலை ஐந்தரை மணி, மாலை ஐந்தரை மணி நிலவரத்தை வைத்துத்தான் அந்த மாடல்களின் பெரிய கணக்குகள் ஓடுகின்றன என்று எப்போதோ தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து எந்த முடிவும் அடுத்த ஐந்தரையைத் தாண்டாமல் எடுக்கப்படுவதில்லை.

வியாழக்கிழமை: ‘அந்தமான் பக்கம் ஒரு சிஸ்டம் உருவாகுது.’ வெள்ளிக்கிழமை: ‘டிராக் நம்ம பக்கம் திரும்புது.’ சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவி நேரிலேயே போய்க் கேட்டுவிட்டாள்.

“அண்ணா, புளிக்காய்ச்சல் காய்ச்சட்டுமா, வேண்டாமா?”

“காய்ச்சும்மா. காய்ச்சினா கெட்டா போகும்? சோத்துல மட்டும் கலந்துடாத. காலைல அப்டேட் வரட்டும்.”

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தூறல். ஆறு ஐந்துக்கு குரூப்பில் ‘கேன்சல்’. கூடவே ஒரு கும்பிடு. பத்து மணிக்கு வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு அடிக்கும். வராந்தாவில் உட்கார்ந்து எங்கள் ஊர் பலாமரத்தைப் பார்த்தபடி பிச்சாவரத்துப் புளியோதரையைத் தின்போம். பதினொரு மணிக்குக் குடையோடு வருவார். “இது ஃபால்ஸ் வெயில் சார். ஏமாந்துடாதீங்க.”

அதில் ஃபால்ஸ் எதுவும் கிடையாது. புயல் சின்னம் இல்லாத நாட்களில் இந்தப் பருவத்து மழைக்கு ஒரு குணம் உண்டு. ராத்திரியில் தரை குளிர்ந்து, தரைக்காற்று கடலை நோக்கிப் போகும். கடலிலிருந்து வருகிற ஈரக்காற்றோடு அது முட்டுகிற இடத்தில் மேகம் எழும்பும். அதனால்தான் கடலோர மாவட்டங்களில் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் கொட்டிவிட்டு, வெயில் ஏறினதும் பெரும்பாலும் மழை விலகிவிடுகிறது. கடலூர் மாவட்டத்தில் பால் ஊற்றுகிறவருக்குத் தெரிந்த விஷயம். அவர் அதற்கு மாடல் எதுவும் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை காலையில்தான் உச்சக்கட்டம். வானிலைத் துறை காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து, முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்து மழையைக் கணக்கெழுதும். அதாவது திங்கட்கிழமைக் கணக்கு ஞாயிறு காலை எட்டரையிலிருந்து தொடங்குகிறது. ஞாயிறு முழுக்க வெயில் காய்ந்து, திங்கள் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு சாரல் அடித்திருந்தாலும் பட்டியலில் அது ஏறிவிடும். அந்தப் பட்டியலை சிவப்புக் கோடு போட்டு அனுப்புவார்: ‘பாத்தீங்களா, நம்ம சண்டே மழை!’ அரசாங்கக் கணக்கே அவர் பக்கம் நிற்கும்போது யாரிடம் போய் முறையிடுவது?

கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை என்பார்களே, மார்கழியிலாவது போகலாம் என்றால், “தானே புயல் எப்ப வந்துச்சு? 2011 டிசம்பர் 30. மார்கழிதானே?” என்பார். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த புயலைச் சொன்னால் எதிர்ப்பேச்சு ஏது? தை வந்தால் பனி, மாசி வந்தால் வெயில். காரில் ஏறினால் ஏ.சி. போட விடமாட்டார் என்பது தனிக்கதை. ஏறினால்தானே.

அவர் சொன்னது ஒருமுறை பலிக்கவும் செய்தது. 2024 நவம்பர் கடைசி வாரம், ஃபெஞ்சல். புயலாக மாறாது என்று துறையே சொல்லி, மறுநாளே புயல் என்று அறிவித்து, சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே மணிக்கணக்கில் நகராமல் நின்றது. அந்த ஞாயிறு கடலூர் சில்வர் பீச் போவதாக இருந்தோம். அன்றிலிருந்து எங்கள் எல்லா வாதத்துக்கும் அவரிடம் ஒரே பதில்: ‘ஃபெஞ்சல்.’

உண்மையைச் சொன்னால், இந்தப் பயத்துக்கு ஒரு வேர் உண்டு. அவர் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பிரிவில் இருந்தவர். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற ஊற்றுநீரை மழையில்லாத நாளிலும் ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். திறந்த பள்ளம் வேறு. மழை பெய்தால் மொத்தமும் அதில்தான் இறங்கும். 2015 நவம்பர் 9, தீபாவளிக்கு முதல் நாள், நெய்வேலியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது நாங்கள் வீட்டில் முறுக்கு சுட்டோம். அவர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். மேகத்தைப் பார்த்தால் அவருக்குப் பம்பு ஞாபகம்தான் வரும்.

அதற்காகப் பிச்சாவரம் சுரங்கமாகிவிடுமா? அங்கே தண்ணீர் இருக்கத்தான் வேண்டும். சுரங்கத்தில் ஒரு தப்புக் கணக்குக்கு இயந்திரம் மூழ்கும். இங்கே சட்டை நனையும், அவ்வளவுதான். இவருக்குப் போவதைவிட, தான் சொன்னது சரியாக இருப்பதுதான் முக்கியம். வீட்டிலேயே இருப்பவன் சொல் எப்படித் தப்பாகும்? என் மகள் ஒன்றாம் வகுப்பில் வரைந்த பிச்சாவரம் படகு இன்னும் பீரோவில் ஒட்டியிருக்கிறது. இப்போது அவள் பிளஸ் டூ. அடுத்த வருஷம் ஹாஸ்டல். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை எந்த மாடலும் திருப்பித் தராது.

ஆகவே வாசகர்களே, ஐப்பசியில் ஓய்வு நாள் வாய்த்தால் இவ்வளவு செய்யுங்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் பேசாமல் வீட்டில் இருங்கள். மஞ்சள் என்றால் கவனமாக இருக்கச் சொல்கிறார்கள், கதவைச் சாத்தச் சொல்லவில்லை. பத்து மணிக்குக் கிளம்புங்கள். வானம் ரொம்பவே மூடியிருந்தால் பக்கத்து வடலூருக்குப் போங்கள். வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு எந்தப் பருவமழைக்கும் அணைந்ததில்லை, தலைக்கு மேல் கூரையும் இலையில் சோறும் நிச்சயம். முக்கியமாக, போய்ச் சேர்ந்து படம் எடுத்த பிறகு குரூப்பில் போடுங்கள். முன்னாடி போடாதீர்கள்.