மற்றையோர் உடை எது?

சிங்கப்பூரில் 1964 ஜூலை 21-ஆம் தேதி, மீலாது நபி ஊர்வலத்தின்போது மூண்ட மலாய்-சீனக் கலகத்தின் ஞாபகார்த்தமாக, 1997 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் இன நல்லிணக்க நாள் அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது. அன்று குழந்தைகள் சீருடையைக் களைந்து, தத்தம் இனத்து உடையையோ பிறர் உடையையோ தரித்து வரலாம். ஆகவே ஜூலை பிறந்ததும் தேக்கா அங்காடியின் மாடிக் கடைகளில் சீனத் தாய்மார் ஜிப்பா விலை விசாரிக்கிறார்கள்; ஊக்குகளின் தயவில் நிற்கும் சேலைக் கொசுவத்தை ஒரு கையாலும் பள்ளிப் பையை மறு கையாலும் பற்றியபடி ஒரு சிறுமி படியேறும் காட்சி, பெரியவர்களின் பிரசங்கங்கள் அனைத்தையும்விட எனக்கு உவப்பானது.

சிரமம் வேறோரிடத்தில் இருக்கிறது. சர்க்கார் வகுத்த பகுப்பு நான்கே: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றையோர். முதல் மூவருக்கும் தையற்காரர் உண்டு. 'மற்றையோர்' என்னும் மகா ஜாதிக்கு அளவெடுக்கத் துணிந்தவர் எவருமில்லை. சீனத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்த பிள்ளையை 2011 முதல் இரட்டை இனமாகப் பதியலாம் என்று கருணை கூர்ந்த அதிகாரிகளும், அப்பிள்ளைக்கு எது 'பிறர் உடை' என்பதை விளக்கினாரில்லை.

இதற்கிடையே, மலாய்ப் பாரம்பரியம் என்று ஆசிரியை மேசைமேல் வைத்த சொங்காக் பலகையைக் கண்டு, "இது எங்கள் பாட்டியின் பல்லாங்குழி அல்லவா!" என்று ஒரு தமிழ்ச் சிறுவன் உரிமை கொண்டாட, அந்த வியாஜ்யம் தீருமுன்பே எதிரே அமர்ந்த சீனப் பிள்ளை அவன் குழிகளைச் சாவதானமாக வழித்துக்கொண்டானாம்.