கட்டணக் குழுவின் கண்ணில் படாத கட்டணம்

பெறுநர்: மேன்மைமிகு பள்ளி நிர்வாகக் குழுவினர்.

பொருள்: காய்ச்சல் கண்ட மாணவரை மீண்டும் வகுப்பில் அனுமதித்தல் – ரத்தப் பரிசோதனை அறிக்கை கோருதல் – சார்பு.

பார்வை: பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் வந்த சுற்றறிக்கை.

காய்ச்சல் சுற்றறிக்கை என்பது தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகள் பலவற்றில் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்தே இறங்கும் ஒன்று. வாசகம் பள்ளிக்குப் பள்ளி மாறினாலும் சாரம் ஒன்றுதான்: காய்ச்சலுக்காக விடுப்பு எடுத்த பிள்ளை, டாக்டரிடம் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டும், டெங்கு இல்லை என்று சொல்லும் லேப் ரிப்போர்ட்டும் வாங்கி வந்தால்தான் வகுப்புக்குள் நுழையலாம். இதற்கு முன்பு லீவ் லெட்டர் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. கோடு போட்ட தாளில் நாலு வரி, கீழே அப்பாவின் கையெழுத்து. பைசா செலவில்லாத ஒன்றை எப்படி நம்புவது என்று நிர்வாகத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் டெங்கு 2012இல் 66 உயிர்களையும் 2017இல் 65 உயிர்களையும் கொண்டுபோனது. அதை மறக்காமல் இருப்பது நல்லதே. ஆனால் டெங்கு இருமலில் பரவாது, தும்மலில் பரவாது, டிபன் பாக்ஸைப் பங்குபோட்டாலும் பரவாது. நடுவில் ஒரு ஏடிஸ் கொசு வேண்டும். இந்தக் கொசு பகலில் கடிப்பது. அதன் வேலை நேரமும் பள்ளியின் வேலை நேரமும் ஏறக்குறைய ஒன்றே. சாக்கடையை விட்டுவிட்டு நல்ல தண்ணீராகத் தேடி முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். பறந்து போகும் தூரமும் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான். ஆகவே நாலாம் வகுப்பு 'பி' பிரிவில் கடிக்கிற கொசு பள்ளி வளாகத்திலேயே பிறந்ததாக இருக்க நிறைய வாய்ப்புண்டு: மொட்டைமாடியில் மூடி விலகிக் கிடக்கும் தொட்டியில், குடிநீர்க் குழாயின் கீழுள்ள தட்டில், எல்.கே.ஜி. பிள்ளைகள் ஏறி விளையாட மஞ்சளும் நீலமும் பூசிப் பாதி புதைத்து வைத்த பழைய டயர்களில். சுற்றறிக்கை இவற்றிடம் ரிப்போர்ட் எதுவும் கேட்பதில்லை.

கேட்கப்படும் ரிப்போர்ட் என்ன சொல்லும் என்பதும் பார்க்கத்தக்கது. டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை காய்ச்சல் தொடங்கிய முதல் நான்கைந்து நாளில்தான் நன்றாகப் பேசும். பள்ளி அதைக் கேட்பதோ காய்ச்சல் விட்டுப் பிள்ளை திரும்பும்போது. அந்த நேரத்து நெகட்டிவுக்கு டெங்கு வரவில்லை என்றும் பொருள் கொள்ளலாம், வந்து போய்விட்டது என்றும் கொள்ளலாம். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். பார்த்தால் நிலைமை தலைகீழ். குணமான பிள்ளைக்கும் அது இரண்டு மூன்று மாதம் பாசிட்டிவ் காட்டக்கூடும்; விதியை அப்படியே பின்பற்றினால் அரையாண்டுத் தேர்வு முடிந்துதான் உள்ளே விட வேண்டியிருக்கும். டைஃபாய்டுக்கென்று சேர்த்துக் கேட்கப்படும் விடால் பரிசோதனை 1896இல் வந்தது. எப்போதோ வந்துபோன டைஃபாய்டு, போட்ட தடுப்பூசி, வேறு ஏதோ தொற்று என எல்லாவற்றுக்கும் கை தூக்கிவிடுகிற சுபாவம் அதற்கு.

இதில் இன்னொரு கோணலும் உண்டு. டெங்குவில் மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது காய்ச்சல் இறங்குகிற நாளையும் அடுத்த ஓரிரு நாளையும்தான். கஞ்சியும் இளநீரும் குடித்துக்கொண்டு, பெரியவர் ஒருவர் கண்பார்வையில் பிள்ளை படுத்திருக்க வேண்டிய நாட்கள் அவை. சுற்றறிக்கை அந்த நாட்களில்தான் அதை லேப் பெஞ்சில் உட்கார வைக்கிறது.

ரிப்போர்ட் கேட்கும் இந்தப் பழக்கம் கொரோனாக் காலத்தில் வேர்விட்டது. லேசான தொற்று வந்தவர் ஏழு நாள் தனித்திருந்து, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் மறுபரிசோதனை தேவையில்லை என்று மத்திய சுகாதார அமைச்சகமே 2022 ஜனவரியில் சொல்லிவிட்டது. குணமான பின்னும் ஆர்.டி.பி.சி.ஆர். பல நாள் பாசிட்டிவ் காட்டலாம் என்பதே காரணம். அந்த அறிவிப்பு எல்லாப் பள்ளி வாசலையும் எட்டியதாகத் தெரியவில்லை. பரிசோதனைக்கு உத்தரவிடுபவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர் என்ற வசதி மட்டும் நன்றாக நினைவில் நின்றுவிட்டது.

இனி செலவு. டாக்டர் ஃபீஸ் 300 ரூபாயோ 400 ரூபாயோ ஆகும். சர்டிஃபிகேட் எழுத மறுபடி போனால் சில இடங்களில் மறுபடி ஃபீஸ். ரத்த அணுக் கணக்கும் என்.எஸ்.1உம் சேர்ந்தால் தனியார் லேபில் 1,000 ரூபாயை ஒட்டி வரும். 100 நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025–26இல் வைத்த நாள் ஊதியம் 336 ரூபாய். மூன்று நாள் மண் வெட்டினால் ஒரு நெகட்டிவ் கிடைக்கும். திருப்பூரில் ஷிஃப்ட் கணக்கில் கூலி வாங்கும் தாய்க்குப் பிள்ளையோடு லேபில் காத்திருந்த பொழுதுக்கும் கூலி போகும். அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனைகள் இலவசம்தான். ஆனால் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்று வரும்போது மதியமாகிவிடும். கசங்கிய அந்தச் சீட்டை, வண்ணத்தில் அச்சடித்த தனியார் ரிப்போர்ட்டுக்குச் சமமாக அலுவலகம் மதிக்குமா என்பது அன்றைக்கு மேஜையில் இருப்பவரைப் பொறுத்தது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்குக் கட்டணத்தை அரசு தரும். லேப் பில்லை யாரும் தரமாட்டார்கள். தனியார் பள்ளி எவ்வளவு வாங்கலாம் என்று வரையறுக்க 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழுவே இருக்கிறது. இந்தத் தொகை பள்ளிக் கவுன்ட்டரில் கட்டப்படாததால் அந்தக் குழுவின் ஏட்டில் ஏறுவதே இல்லை.

இவ்வளவு செலவில் வந்த அறிக்கையை அலுவலகம் எப்படிப் படிக்கிறது? பிளேட்லெட் 1.8 லட்சம், வெள்ளணு இவ்வளவு என்று இரண்டு பக்கம் ஓடும். விரல் நேராக 'நெகட்டிவ்' என்ற சொல்லில் போய் நிற்கும். பஞ்ச் மெஷின் இரண்டு ஓட்டை போடும், காகிதம் ஃபைலுக்குள் போகும். நாளை யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட ஒன்று இருக்கிறது. ரிப்போர்ட்டின் உண்மையான பயன் இதுதான், இதில் அது பிழைபடுவதே இல்லை.

விளைவு வேறு வழியில் வெளிப்படுகிறது. ரிப்போர்ட்டுக்குப் பயந்து, இரண்டாம் நாளே காலை ஏழரைக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுத்து, ஸ்வெட்டர் போட்டு வேனில் ஏற்றிவிடுகிறார்கள். பதினொரு மணி வாக்கில் மருந்து தணிந்து உடம்பு கொதிக்கும். ஆண்டு விழாவில் நூறு சதவீத வருகைக்குக் கோப்பையும் உண்டு என்பதால், பிள்ளையும் வாயைத் திறக்காது.

லேப் இல்லாமலே ஒழுங்காக நடந்துவந்த ஒன்றையும் இங்கே குறிப்பிடலாம். அம்மை கண்ட வீட்டில் நிலைப்படியில் வேப்பிலை செருகி, மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளையை வெளியே விடமாட்டார்கள். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு தட்டும் வரை தனித்திருக்க வேண்டும் என்று மருத்துவம் சொல்வதும் ஏறத்தாழ அதே நாட்கணக்குதான்.

மருந்து இல்லாமல் ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் வராதிருந்தால் சாதாரணக் காய்ச்சலில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம். காய்ச்சல் நீண்டாலோ டாக்டர் டெங்கு என்று சந்தேகித்தாலோ என்ன பார்ப்பது, எப்போது அனுப்புவது என்பதை அவரிடம் விடலாம். நிர்வாகத்துக்கு ரிப்போர்ட் அவசியம்தான் என்றால், வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவிக் காயவைத்து டயரில் தேங்கியதை வெளியேற்றியதற்கான ரிப்போர்ட்டை வாட்ஸ்ஆப் குழுவில் போடலாம். அதற்குப் பிளீச்சிங் பவுடரும் ஓர் ஆளுக்கு அரைநாள் கூலியும் ஆகும். பராமரிப்புச் செலவு என்பதால் அதைக் கட்டணக் குழுவிடம் தாராளமாகக் கணக்குக் காட்டலாம்.