ரயில் சித்தப்பா

கோடை விடுமுறைக்கு எல்லாரும் சேர்ந்து கடற்கரைப் பக்கம் எங்காவது போய்வரலாம் என்று குமணன்சாவடியில் ஒரு வீட்டில் யாரோ வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள் என்று வையுங்கள். மாப்பிள்ளை உடனே கார் சாவியை எடுத்து மேசைமேல் வைப்பார். அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து ஓர் இருமல் கேட்கும். கையில் பழைய டைரியும் காதில் பால்பாயின்ட் பேனாவுமாக ஒருவர் வெளியே வருவார். அவர்தான் ரயில் சித்தப்பா. சில வீடுகளில் பெரியப்பாவாக இருப்பார், சிலவற்றில் தாய்மாமன். உறவுதான் மாறும், ஆள் மாறமாட்டார்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த இனம் கொஞ்சம் அதிகம். ஆவடி, அம்பத்தூர் தொழிற்சாலைகளுக்கு முப்பது வருஷம் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போய்வந்தவர்கள் ஓய்வு பெற்றபின் வேறு என்னவாக ஆவார்கள்? பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராக இருந்தால் இன்னும் விசேஷம். வண்டி நின்றதும் ஏறமாட்டார். பெட்டியின் எண்ணைப் படிப்பார். அதன் முதல் இரண்டு இலக்கம் பெட்டி கட்டப்பட்ட வருஷம். "இது என் கையால போனது" என்று பெட்டியைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார். அதற்குள் கார்டு விசில் ஊதியிருப்பார். ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்காரர் வேறு தினுசு. "நாப்பது டன் வண்டியெல்லாம் பாத்தாச்சு மாப்பிள்ளை. உங்க வண்டியில எனக்குக் கால் நீட்டவே இடமில்ல" என்பதோடு கார் விஷயத்தை முடித்துவிடுவார்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இவர் வாழும் ஊரில் ரயில் நிலையமே கிடையாது. 1856இல் தென்னாட்டின் முதல் ரயில் பாதையை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்டவர்கள், அதை ஆவடி வழியாகக் கொண்டுபோனார்கள். குமணன்சாவடியை ஒட்டிய பூந்தமல்லிக்காரர்கள் புகை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்ததோடு சரி. வெள்ளைக்காரன் செய்த அநியாயங்களில் சித்தப்பா இன்றுவரை மன்னிக்காதது இது ஒன்றைத்தான்.

எந்தக் கடல் என்பதை முதலில் அவர்தான் முடிவு செய்வார். பிள்ளைகள் மகாபலிபுரம் என்பார்கள். "ஸ்டேஷன் இல்ல" என்று அடித்துவிடுவார். மகாபலிபுரம் வழியாகக் கடலூருக்கு ஒரு பாதை வரும் என்று எத்தனையோ ரயில்வே பட்ஜெட்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், வரட்டும், அப்போது பார்க்கலாம் என்பார். தரங்கம்பாடி? மாயவரத்திலிருந்து ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது, எண்பதுகளில் மூடிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது குரல் கம்மும். புதுச்சேரிக்கு விழுப்புரத்திலிருந்து 1879 முதலே பாதை உண்டு, ஆனால் ராத்திரி தூங்குவதற்குள் வந்துவிடும். படுக்கை போடாத பயணம் அவர் கணக்கில் பயணமே இல்லை. வேளாங்கண்ணிக்கு 2010இல் ரயில் வந்தது, போயாகிவிட்டது. திருச்செந்தூரும் ஆயிற்று. கன்னியாகுமரியில் தண்டவாளம் முடிகிற இடத்தில் நின்று படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று. கடைசியில் விரல் போய் நிற்பது ராமேஸ்வரத்தில்.

ராமேஸ்வரம் என்றதும் பாட்டி மனசுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்துக்கும் புடவை எடுத்து வைக்கத் தொடங்கிவிடுவாள். கடலில் விளையாடலாம் என்று கிளம்பிய பிள்ளைகள் இனி தீர்த்த யாத்திரை போகிறார்கள்.

மாப்பிள்ளையும் லேசுப்பட்டவர் இல்லை. "மாமா, நசரத்பேட்டையில ஓ.ஆர்.ஆர். ஏறினா அரை மணியில வண்டலூர். அப்புறம் நேரா ஜி.எஸ்.டி. ரோடுதான்" என்பார். குமணன்சாவடிக்காரர்களிடம் உள்ள ஆகப்பெரிய கார் வாதம் இது, உண்மையும்கூட. சித்தப்பா அசரமாட்டார். "வண்டலூருக்கு அரை மணி. லீவு நாள்ல பரனூர் டோல்கேட்டுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்ததைப் போடுவார்: "நீங்க ஓட்டிட்டு வந்தா எங்களுக்குத்தான் லீவு மாப்பிள்ளை. ராத்திரி பூரா நீங்க முன்னாடி போற லாரியோட பின்பக்கத்தைப் பாத்துக்கிட்டே வரணும். காலையில நாங்க கடல்ல குளிப்போம், நீங்க லாட்ஜுல தூங்குவீங்க." மாப்பிள்ளை சாவியை மெல்லப் பைக்குள் போட்டுக்கொள்வார். இந்த ஒரு வாதத்தில் சித்தப்பா பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. கார் வைத்திருப்பவன் குடும்பத்தோடு சுற்றுலா போவதில்லை, குடும்பத்தின் டிரைவராகப் போகிறான்.

முன்பதிவு நாள் என்பது அந்த வீட்டில் தனிப் பண்டிகை. முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பரிலிருந்து அதை 60 ஆக்கிவிட்டார்கள். நான்கு மாதம் ஆற அமர அனுபவித்த சந்தோஷத்தைப் பாதியாக வெட்டிவிட்டார்களே என்று சித்தப்பாவுக்கு ஆற்றாமை. காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஏழே முக்காலுக்கு வீட்டில் ஊரடங்கு. பிள்ளைகள் யூடியூப் பார்க்கக் கூடாது, வைஃபை இழுத்துக்கொள்ளும். சித்தி மிக்ஸி போடக் கூடாது, காரணம் கேட்கவும் கூடாது. ஆளுக்கொரு போனில் உட்கார, தம்பி மகன் ஒருவன் மட்டும் பூர்த்தி செய்த ஃபாரத்தோடு ஆவடி கவுன்டர் வரிசைக்கு விடியற்காலையிலேயே அனுப்பப்பட்டிருப்பான். வெயிட்டிங் லிஸ்டில் விழுந்த இ-டிக்கெட் சார்ட் போட்டதும் தானே செத்துவிடும். கவுன்டர் டிக்கெட்டுக்கு அந்தத் தலையெழுத்து இல்லை என்பது சித்தப்பாவின் சித்தாந்தம். அவர் வீட்டு அலமாரியில் பத்திரங்களுக்கு அடியில் ஒரு கட்டு காலி ரிசர்வேஷன் ஃபாரம் எப்போதும் இருக்கும்.

எட்டு அடித்ததும் ஆதார், கேப்சா, பணம் கட்டுகிற பக்கம், சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம். அந்த வேளை பார்த்து ஓ.டி.பி. போய்ச் சேர்வது குளிக்கப் போயிருக்கும் மருமகள் போனுக்கு. அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஓ.டி.பி.யை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே மாமா" என்பாள். சித்தப்பா எழுந்து நின்றுவிடுவார். "புலவர் கேக்காமலே தலையை எடுத்துக்கோன்னு வாளை நீட்டினான் குமணன். அவன் பேரை வச்ச ஊர்ல இருந்துக்கிட்டு ஆறு நம்பர் சொல்ல யோசிக்கிறியேம்மா!"

ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்குமேல் போட முடியாது. வீட்டில் ஒன்பது பேர். யார் யாரோடு என்பது ரயில்வே விவகாரம் அல்ல, குடும்ப அரசியல். போன பொங்கலிலிருந்து பேசிக்கொள்ளாத இருவரை எதிரெதிர் பெர்த்தில் போட்டுவிட்டால் வண்டி விழுப்புரம் தாண்டாது. இதில் பாட்டிக்குக் கீழ் பெர்த் வேண்டும். முதியவர்களுக்கான கீழ் பெர்த் ஒதுக்கீடு, தனியாகவோ இருவராகவோ போனால்தான் கிடைக்கும், கும்பலோடு சேர்த்தால் கிடைக்காது. ஆகவே சித்தப்பா பாட்டிக்கும் பெரியத்தைக்கும் தனி டிக்கெட் எடுப்பார். கீழ் பெர்த் நிச்சயமாகக் கிடைக்கும், எஸ்-3இல். மற்ற குடும்பம் எஸ்-9இல். இடையில் ஐந்து பெட்டி. ராத்திரி முழுக்கச் சித்தப்பா வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு நடந்துகொண்டிருப்பார். பாட்டிக்கோ ஒரு குறையும் இல்லை. செங்கல்பட்டு வருவதற்குள் எதிர் இருக்கைக்காரர் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருப்பாள்.

பயண நாளன்று எழும் கேள்விதான் கடினமானது. ராமேஸ்வரம் போவதில் சிரமமே இல்லை. குமணன்சாவடியிலிருந்து ரயிலுக்குப் போவதுதான் சிரமம். சித்தப்பா இதற்கும் வழி கண்டிருப்பார். எழும்பூருக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போய் மாட்டிக்கொள்வதைவிடத் தாம்பரத்தில் ஏறுவது மேல், போர்டிங் அங்கேயே. 66ஆம் நம்பர் பஸ் பிடித்தால் மாங்காடு, குன்றத்தூர், பல்லாவரம் வழியாகத் தாம்பரம். சாயங்கால நேரத்து 66இல் மூட்டை முடிச்சுகளும் புளியோதரைத் தூக்கும் ஒரு வாலிபால் பந்தும் ஏறுவதைக் கண்டக்டர் எப்படிப் பார்ப்பார் என்பதை மட்டும் அவர் டைரியில் குறித்திருக்கமாட்டார்.

கடைசி நேரத்தில் பாட்டி முழங்காலைக் காட்டுவாள். பஸ் படி ஏறமாட்டேன் என்பாள். மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் காரை எடுத்துவருவார். பாட்டி, பெரியத்தை, அத்தனை பெட்டியும் உள்ளே போகும். நசரத்பேட்டையில் ஏறி, முடிச்சூரில் இறங்கி, மேற்குத் தாம்பரத்தில் நிறுத்திவிட்டு ஸ்டேஷன் பெஞ்சில் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். பஸ் கோஷ்டி கசங்கி வந்து சேரும்போது மாப்பிள்ளை புன்னகை மட்டும் செய்வார். சித்தப்பா அந்தப் புன்னகையைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளமாட்டார். "அதை கார்னு கணக்குல எடுத்துக்காதீங்க. லக்கேஜ் வண்டி."

வண்டி கிளம்பியபின் அவரைப் பார்க்க வேண்டும், முகத்தில் அப்படியொரு தெளிவு. மிடில் பெர்த் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரைதான் என்று பக்கத்து ஆளுக்கு விதி சொல்வார். நின்ற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கடிகாரத்தைப் பார்த்து, "நாலு நிமிஷம் லேட்டு" என்று டைரியில் எழுதுவார். யாரிடம் கொடுக்க என்று கேட்காதீர்கள்.

விடியும் நேரத்தில் வண்டி மண்டபத்தை நெருங்கும்போது வீட்டார் அத்தனை பேரையும் உலுக்கி எழுப்புவார். எந்த வண்டியில் போனால் வெளிச்சத்தில் பாலம் ஏறலாம் என்று பார்த்துத்தானே இரண்டு மாதமாகத் திட்டமிட்டார்! 1914 பிப்ரவரி 24இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. அதன்பின் வண்டிகள் கடலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்ட அந்த இரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட காலம் அவர் டைரியில் வெற்றுப் பக்கங்கள். 2025 ஏப்ரல் 6இல் புதுப் பாலம் திறந்தது. நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு மட்டும் படுத்த நிலையிலேயே 17 மீட்டர் மேலே போய்க் கப்பலுக்கு வழிவிடும். பழையது இரண்டு இமை திறப்பதுபோல் பிளந்து வழிவிட்டது. இதையெல்லாம் அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி பாலத்தைத் தாண்டிவிடும். பிள்ளைகளில் ஒன்று மட்டும் முழுசாக விழித்துக் கடலைப் பார்த்திருக்கும். மற்றதெல்லாம் சித்தப்பாவின் முதுகைப் பார்த்திருக்கும், ஏனென்றால் ஜன்னல் அவரிடம்.

கடலில் அவர் இறங்கமாட்டார். கால் நனைக்கவும் யோசிப்பார். தனுஷ்கோடிக்குப் போக வேன் பேசும்போதுதான் முகம் சுருங்கும், அங்கே போக ரோட்டை விட்டால் வேறு கதியில்லை. ஒரு காலத்தில் எழும்பூரில் ஏறினால் போட் மெயில் தனுஷ்கோடி வரைக்கும் வரும், அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போகலாம். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலில் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டி ஆட்களோடு கடலுக்குள் போனது. அதன்பிறகு அங்கே தண்டவாளம் திரும்பவில்லை. இடிந்து நிற்கும் ஸ்டேஷன் சுவர் அருகே சித்தப்பா ஒன்றும் சொல்லமாட்டார். நேரமும் பார்க்கமாட்டார். அந்தக் கால்மணி நேரம் அவரைக் கிண்டல் செய்ய எனக்கும் மனசு வராது.

இப்போது ஊரில் அவருக்கு ஒரு புதுச் சோதனை வந்திருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை 26 கிலோமீட்டர் மெட்ரோ தடம் போடுகிறார்கள், குமணன்சாவடியில் ஒரு நிலையத்தோடு. 1856இல் விட்டுப்போன ரயில் வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து, நேரே மெரினாவில் கொண்டுபோய் இறக்கப்போகிறது. தூண் எழும்பிய காலத்திலிருந்து சித்தப்பா தினம் காலை நடையில் அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறார். முழுத் தடமும் ஓடுகிற நாளில் ஊரே கொண்டாடும். அவர் கொண்டாடுவாரா என்பதுதான் எனக்குச் சந்தேகம். முன்பதிவு கிடையாது, வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது, ஆர்.ஏ.சி. கிடையாது, கீழ் பெர்த் கிடையாது. கார்டைத் தட்டினால் கதவு திறக்கும், கொஞ்ச நேரத்தில் கடல். அதில் திட்டம் போட என்ன இருக்கிறது, அவரும்தான் பாவம் என்ன செய்வார்?

அதுவரை அவருக்கு நம்மை விட்டால் ஆள் இல்லை, நமக்கும் அப்படித்தான். மாப்பிள்ளைமார்களே, காரை லக்கேஜ் வண்டி என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். மருமகள்களே, காலை எட்டு மணிக்குக் குளிக்கப் போகாதீர்கள். வங்கிக்காரர் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள், சித்தப்பா கேட்டால் உடனே சொல்லிவிடுங்கள்.