பேய்க்கும் பதில் உண்டு

வெளிநாட்டில் பேய்க்கதைகளைத் தொகுதி தொகுதியாகப் போடுகிறார்களே, நம்மிடம் ஏன் இல்லை? (வாசகர், பாளையங்கோட்டை)

பிரிட்டனில் 'பான்' வரிசை 1959-ல் தொடங்கி 30 தொகுதி ஓடியது. நம்மூர் சுடலைமாடன் கொடையில் வில்லுக் கட்டினால் விடிய விடிய ஓடுகிறது. அச்சுக்கூலியும் மிச்சம்.

புதுமைப்பித்தன் பேயை நம்பினாரா? (வாசகி, வண்ணார்பேட்டை)

'காஞ்சனை'யை வாசித்துவிட்டு ராத்திரி தனியாகக் கொல்லைப்பக்கம் போய்வாருங்கள். அவர் நம்பினாரா என்பது அப்புறம். நீங்கள் நம்புகிறீர்களா என்று முதலில் தெரிந்துவிடும். அந்தக் கதையில் பேய் வந்து 'நான்தான் பேய்' என்று சொல்வதே இல்லை. நடுநிசியில் ஒரு வாடை வரும், அவ்வளவுதான். இன்றைய சினிமாப் பேய்களுக்கு இந்த அடக்கம் போதாது.

அவருடைய பேய்க்கதைகளை மட்டும் தனி நூலாகப் போட்டால் ராயல்டி கேட்டு யாராவது வருவார்களா? (பதிப்பாசைக்காரர், டவுன்)

ஆவிகூட வராது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு ஆனால் உரிமை எல்லோருக்கும். அவர் மறைந்தது 1948-ல். 'செவ்வாய் தோஷம்', 'பிரம்ம ராக்ஷஸ்', 'வேதாளம் சொன்ன கதை' எல்லாம் காத்திருக்கின்றன. உயிரோடு இருந்தபோது அவருக்குப் பணம் போய்ச் சேரவில்லை என்பதுதான் நிஜமான திகில்.

திருநெல்வேலிக்காரர் இருட்டுக்குப் பயப்படுவாரா? (நண்பர், மதுரை)

கடைக்கே அந்தப் பெயர் வைத்து அல்வாவுக்கு வரிசையில் நிற்கிற ஊர் ஐயா! தீர்ந்துவிடுமோ என்ற பயம் மட்டும் உண்டு.

ஆதிச்சநல்லூரில் தாழி தாழியாகப் பிணம் புதைத்த காடு இருக்கிறதே, பேய் நடமாட்டம் உண்டா? (மாணவி, ஸ்ரீவைகுண்டம்)

பெர்லினில் விசாரியுங்கள். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி, கிடைத்ததை அந்த ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.